பணியில உயிர் கொடுத்த போலீஸ்காரங்களை நினைவு கூர்றது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கப்பா போலீஸ் ஆயுதப்படையில இருந்து ரிட்டயர் ஆனவரு, நாங்க வளர்ந்தது போலீஸ் லைன்ல, அதாவது போலீஸ் குவார்ட்டர்ஸ்ல. அதனாலயோ என்னவோ அக்டோபர் மாசம் வந்தா சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க, டீச்சரா இருக்குற பிரெண்ட்ஸ்னு எல்லாரும் என்கிட்டதான் சந்தேகம் கேப்பாங்க. நடுவுல எங்கயாவது ஒரு போலீஸ்காரர் டியூட்டில இறந்துட்டாரு, நியூஸ் வந்துச்சுன்னா திரும்பவும் அதே கேள்விகள். எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன், கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியை போட்டிருக்கேன்.

அக்டோபர் 21 என்ன நாளு? டிவில போலீஸ் ஆபீசருங்க எல்லாம் மலர்வளையம் வைக்கிறாங்களே?

அது காவலர் வீரவணக்க நாள். இந்தியா முழுக்க எல்லா மாநில போலீஸும், சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். மாதிரி மத்திய படைகளும் ஒரே நாள்ல, பணியில இருக்கும்போது உயிர் விட்டவங்களுக்கு அஞ்சலி செலுத்துறாங்க.

தேதிக்கு காரணம் 1959ல லடாக்ல நடந்தது. ஹாட் ஸ்பிரிங்ஸ்னு ஒரு இடம், ஏறக்குறைய 16,000 அடி உயரம். அக்டோபர் 20 அன்னைக்கு அங்கிருந்து மூணு குழு ரோந்து போச்சு, ரெண்டு குழு மத்தியானத்துக்குள்ள திரும்பிடுச்சு. மூணாவது குழுவுல ரெண்டு கான்ஸ்டபிளும் சுமை தூக்குற ஒருத்தரும், அவங்க வரவே இல்ல. மறுநாள் காலைல கரம் சிங்கிற அதிகாரி தலைமையில சுமார் 20 பேர் அவங்களை தேடி கிளம்பினாங்க, சிலர் குதிரையில, மத்தவங்க நடந்து. மேல ஒரு மேட்டுல இருந்த சீனப்படை துப்பாக்கியால சுட்டு கையெறி குண்டும் வீசினாங்க, ஒதுங்க ஒரு மறைப்பு கூட இல்லாத வெட்டவெளி. 10 பேர் அங்கயே இறந்துட்டாங்க, கரம் சிங் உட்பட சிலர் சிறைபிடிக்கப்பட்டாங்க. இறந்தவங்க உடல் திரும்ப கைக்கு வந்ததே மூணு வாரத்துக்கும் மேல கழிச்சு நவம்பர்லதான். 1960 ஜனவரில நடந்த ஐ.ஜி.க்கள் மாநாட்டுல, இனி வருஷா வருஷம் இந்த தேதியை கடைப்பிடிக்கிறதுன்னு முடிவு பண்ணாங்க.

பார்டர்ல ஆர்மிதானே நிக்கும்? அங்க எப்படி போலீஸ் இறந்தாங்க?

அப்போ அப்படி இல்ல. அன்னைக்கு திபெத் பக்கம் இருந்த எல்லையை பாத்துக்கிட்டது போலீஸ்தான், ஹாட் ஸ்பிரிங்ஸ்ல இருந்தவங்க சி.ஆர்.பி.எஃப்.காரங்க. இந்த சம்பவத்துக்கு அப்புறம்தான் அந்த எல்லை பொறுப்பு ராணுவத்துக்கு போச்சு. இந்தோ திபெத் எல்லை போலீஸ் படை வந்தது 1962ல, பி.எஸ்.எஃப். வந்தது 1965ல. அதனால 1959ல அந்தக் குளிர்ல நின்னது ஒரு சின்ன போலீஸ் குழு, கூட இருந்த மூணு பேர் வரலேன்னு தேடிப் போனாங்க, அதுலதான் செத்தாங்க. எனக்கு இந்த நாள் மேல மரியாதை வர்றதுக்கு அந்த தேடிப்போன விஷயம்தான் பெரிய காரணம்.

அப்போ இது அந்த 10 பேருக்கான நாளா? நம்ம ஊர் போலீஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தேதி அவங்களுடையது, அஞ்சலி எல்லாருக்கும். முந்தின வருஷம் செப்டம்பர் 1ல இருந்து இந்த வருஷம் ஆகஸ்ட் 31 வரைக்கும் நாடு முழுக்க பணியில இறந்தவங்க பட்டியலை எடுத்து அன்னைக்கு பேரை வாசிப்பாங்க. 2023ல வாசிச்சது 188 பேர், 2024ல 216 பேர். சுதந்திரத்துக்கு அப்புறம் மொத்தமா கணக்கு பாத்தா 36,000 பேருக்கு மேல.

இந்த வாசிக்கிறது ரொம்ப நேரம் ஆகும், வெயில்ல நிக்கிறவங்களுக்கு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா மாநிலம், பதவி, பேருன்னு ஒண்ணொண்ணா வரும்போது கேட்டுப் பாருங்க, கான்ஸ்டபிள், ஏட்டு, எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு எஸ்.ஐ.)னுதான் திரும்பத் திரும்ப வரும். பெரிய பதவில இருக்கிற பேரு எப்பவாவது ஒண்ணு வரும்.

செப்டம்பர் 6 காவலர் நாள்னு சொன்னாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லைங்க. செப்டம்பர் 6 தமிழ்நாடு அரசு 2025ல அறிவிச்ச காவலர் நாள். 1859ல சென்னை மாவட்ட காவல் சட்டம் வந்த தேதி அது, நம்ம போலீஸ் அமைப்புக்கே அதுதான் அஸ்திவாரம். அது மொத்த டிபார்ட்மென்டையும் பெருமைப்படுத்துற நாள், அதுக்கு வாழ்த்து சொல்லலாம். அக்டோபர் 21 துக்க நாள். "ஹாப்பி போலீஸ் டே"ன்னு அக்டோபர் 21ல ஸ்டேட்டஸ் போடுறாங்க பாருங்க, அதை மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அதைப் பாக்குற குடும்பத்துக்கு எப்படி இருக்கும்.

அன்னைக்கு கிரவுண்ட்ல என்னதான் நடக்கும்? துப்பாக்கியை ஏன் தலைகீழா பிடிக்கிறாங்க?

சென்னையில டி.ஜி.பி. ஆபீஸ் வளாகத்துல இருக்கிற காவலர் நினைவுச் சின்னத்துல நடக்கும், மாவட்டங்கள்ல பெரும்பாலும் ஆயுதப்படை மைதானத்துல நினைவுத்தூண் முன்னாடி நடக்கும். அணிவகுப்பு வந்து நிக்கும், பேரு வாசிப்பாங்க, அதிகாரிகள் மலர்வளையம் வைப்பாங்க, பியூகிள்ல லாஸ்ட் போஸ்ட்ங்கிற அஞ்சலி இசையை ஊதுவாங்க, மௌன அஞ்சலி, வானத்தை நோக்கி மூணு சுற்று சுடுவாங்க. இறந்தவங்க குடும்பத்தையும் கூப்பிட்டு முன்வரிசையில உக்கார வைப்பாங்க.

துப்பாக்கியை திருப்பி குழல் தரையை பாக்குற மாதிரி வெச்சு, கட்டை மேல ரெண்டு கையையும் வெச்சு, தலையை குனிஞ்சு நிப்பாங்க. துக்கத்துக்கான மரியாதை அது. அந்த நிலையில யாரும் அசைய மாட்டாங்க, இருமல் சத்தம் கூட கேக்காது.

ஒரு ஊர்ல 21 குண்டு முழங்க, இன்னொரு ஊர்ல 63 குண்டு முழங்கன்னு பேப்பர்ல வருதே, பெரிய ஆபீசருக்கு ஜாஸ்தியா?

இது சிம்பிள் பெருக்கல் கணக்கு. ஏழு பேர் மூணு சுற்று சுட்டா 21, 21 பேர் மூணு சுற்று சுட்டா 63. எத்தனை பேர் வரிசையில நிக்கிறாங்கங்கிறதை வெச்சு எண்ணிக்கை மாறும். ஜனாதிபதிக்கு கொடுக்குற 21 குண்டு மரியாதைன்னு ஒண்ணு இருக்கு, அது பீரங்கில, அது வேற விஷயம். ரெண்டையும் குழப்பி "எங்க ஊர்ல கம்மியா சுட்டுட்டாங்க"ன்னு கோவப்பட வேண்டாம்.

எனக்கு சினிமா போலீஸ் பேருதான் தெரியும். தமிழ்நாட்டுல நிஜத்துல யாரை நினைவு வெச்சுக்கணும்?

எல்லாரையும் எழுத முடியாது, கொஞ்ச பேரை சொல்றேன். திருப்பத்தூர்ல 1980 ஆகஸ்ட் 6ல நக்சல்கள் வீசின குண்டுல இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் கூட இருந்த காவலர்களும் இறந்தாங்க. அவரோட சின்னப் பொண்ணு பேரு அஜந்தா. அதுக்கப்புறம் நக்சல்களுக்கு எதிரா போலீஸ் அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில நடந்த நடவடிக்கைக்கு எம்.ஜி.ஆர். அரசு அந்தக் குழந்தை பேரையே வெச்சாங்க, ஆபரேஷன் அஜந்தா. திருப்பத்தூர்ல இன்னைக்கும் ஆகஸ்ட் 6 வந்தா நினைவுத்தூண்ல அஞ்சலி நடக்குது.

1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர்னா எல்லாருக்கும் ராஜீவ் காந்திதான் ஞாபகம் வரும். அதே குண்டுவெடிப்புல 9 போலீஸ்காரங்க இறந்தாங்க. எஸ்.பி. முகமது இக்பால், இன்ஸ்பெக்டர்கள் ராஜகுரு, எட்வர்ட் ஜோசப், பெண் காவலர் சந்திரா, டெல்லியில இருந்து பாதுகாப்புக்கு கூட வந்த பி.கே. குப்தான்னு பேருங்க போகும். அன்னைக்கு கூட்டத்துக்கும் தலைவருக்கும் நடுவுல நின்னவங்க இவங்க. அப்புறம் வீரப்பன் தேடுதல்ல, 1993 ஏப்ரல் 9 பாலாறு கண்ணிவெடில போலீஸ், வனத்துறைக்காரங்க, கூட வழிகாட்ட வந்தவங்கன்னு 22 பேர். இப்படி சேர்ந்து இறந்தவங்கள்ல ஒவ்வொருத்தர் பேரையும் தனித்தனியா யாரும் சொல்றதில்ல.

கிட்டத்து வருஷங்கள்ல பாத்தா, 2012 அக்டோபர்ல சிவகங்கை மாவட்டத்துல எஸ்.ஐ. ஆல்வின் சுதன், 2020 ஜனவரி 8 ராத்திரி களியக்காவிளை செக்போஸ்ட்ல எஸ்.எஸ்.ஐ. வில்சன், அதே வருஷம் ஆகஸ்ட் 18 தூத்துக்குடி மாவட்டம் மணக்கரை பக்கம் ஒரு ரவுடியை பிடிக்கப் போய் நாட்டு வெடிகுண்டுல இறந்த காவலர் சுப்பிரமணியன், 2021 தொடக்கத்துல ஏரல்ல குடிச்சிட்டு ரகளை பண்ணவனை கண்டிச்சதுக்காக வண்டி ஏத்திக் கொல்லப்பட்ட எஸ்.ஐ. பாலு. அதே வருஷம் நவம்பர் 21ல திருச்சி நவல்பட்டு ஸ்டேஷன் எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன். ராத்திரி ரோந்துல ஆடு திருடிக்கிட்டு பைக்ல போனவங்களை பாத்திருக்காரு, மாவட்ட எல்லை தாண்டி புதுக்கோட்டை கீரனூர் பக்கம் வரைக்கும் துரத்திப் போய் பிடிச்சிருக்காரு, பிடிச்ச இடத்துலயே வெட்டிட்டாங்க.

கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க, ஒரு ஆடு திருட்டுக்குப் போய் உயிரை விடணுமா?

இந்தக் கேள்வியை நல்ல மனசு இருக்கிறவங்களே கேட்டிருக்காங்க, அதனால கோவப்படாம சொல்றேன். ஆடு வளர்க்குற குடும்பத்துக்கு அந்த ஆடுதான் பொண்ணு கல்யாணத்துக்கு, பையன் பீஸுக்கு, ஆஸ்பத்திரி செலவுக்கு வெச்சிருக்கிற காசு. நாலு ஆடு போச்சுன்னு ஸ்டேஷனுக்கு வந்து அழுறவங்களை பாத்த போலீஸ்காரருக்கு அது சின்ன திருட்டா தெரியாது. நகைக்கடை கொள்ளைன்னா தனிப்படை போடுவாங்க, ஆடு திருட்டுக்கு ரோந்துல இருக்கிற ஆளு துரத்தினாதான் உண்டு.

துணைக்கு ஆள் வரட்டும்னு நின்னிருக்கலாமேன்னு சொல்றாங்க. ராத்திரி நேரத்துல கண்ணு முன்னாடி ஒருத்தன் தப்பிச்சுப் போறான், அந்த நிமிஷத்துல எடுக்குற முடிவை ஏசி ரூம்ல உக்காந்து நாம அளக்கக்கூடாதுங்கிறது என் கருத்து. ராத்திரி ரோந்துக்கு ஒத்த ஆளை அனுப்பலாமா, கைல என்ன ஆயுதம் கொடுத்தாங்க, வயர்லெஸ் கிடைச்சுதாங்கிற கேள்வியெல்லாம் கண்டிப்பா கேக்கணும், அதை டிபார்ட்மென்டையும் அரசாங்கத்தையும் பாத்து கேக்கணும். இறந்த மனுஷன்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது.

கூட வந்த போலீஸ் துப்பாக்கியிலயே குண்டு பாஞ்சு இறந்தா அது எப்படிங்க வீரமரணம்?

நீங்க கேக்குறது மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் விஷயம்னு நினைக்கிறேன். கொளத்தூர் நகைக்கடை கொள்ளை கும்பலை தேடி ராஜஸ்தான் போனாரு, 2017 டிசம்பர் 13ல பாலி மாவட்டத்துல இறந்தாரு. முதல்ல கொள்ளைக்காரங்க சுட்டதா நியூஸ் வந்துச்சு, அப்புறம் ராஜஸ்தான் போலீஸ் விசாரணையில அந்த மோதல்ல சக அதிகாரி துப்பாக்கில இருந்து தவறுதலா பாஞ்ச குண்டுன்னு சொன்னாங்க.

ஊர் தெரியாத, பாஷை தெரியாத இடத்துல கும்பல் பதுங்கியிருந்த இடத்துக்குள்ள இறங்கினாரு பாருங்க, அதுல எந்த மாத்தமும் இல்ல. குண்டு யாரோடதுங்கிறது விசாரணைக்கு முக்கியம், நினைவு கூர்றதுக்கு அது தடை கிடையாது. ஆனா இன்னைக்கும் சிலர் பழைய கதையையே பரப்புறாங்க, உண்மை வெளில வந்தா மரியாதை குறைஞ்சிடும்னு பயப்படுறாங்க போல. அப்படி மறைக்கிறதுதான் அவருக்கு மரியாதைக் குறைவு. நடந்ததை நடந்தபடி சொன்னா போதும்.

டியூட்டில ஹார்ட் அட்டாக், ரோடு ஆக்சிடென்ட், இதெல்லாம் சேருமா சேராதா?

இதுல ரெண்டு விஷயம் கலந்து கெடக்கு. ஒண்ணு அரசாங்க பட்டியல், அதுல யாரை சேர்க்கணும்னு டிபார்ட்மென்ட்தான் ஆவணங்களை பாத்து முடிவு பண்ணும். பணத்துக்கும் பென்ஷனுக்கும் கூட மரணத்தை வகை பிரிப்பாங்க. மத்திய அரசு விதிகள்ல இயற்கையான மரணம், வேலையோட தொடர்புள்ள நோய், டியூட்டில விபத்து, வன்முறையில கொல்லப்பட்டது, எல்லை மோதல்னு தனித்தனி. அதனால "டியூட்டில இருந்தாரு"ங்கிறது மட்டும் போதாது, வேலையாலதான் நடந்துச்சுன்னு காட்டணும்.

இன்னொண்ணு நாம மனசுல வைக்கிறது. வாகன சோதனையில நின்னு லாரி மோதி இறந்த டிராஃபிக் போலீஸை, ரெண்டு நாள் தூங்காம பந்தோபஸ்து பாத்துட்டு அப்படியே சரிஞ்ச ஏட்டையாவை நினைக்க எந்த ஜி.ஓ.வும் வேண்டாம். எதிரி கையில செத்தாதான் கணக்குன்னு வெச்சா பாதி பேரை மறந்துடுவோம்.

குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? எல்லாருக்கும் 1 கோடி தானே?

அப்படி ஒரே தொகை கிடையாது. தமிழ்நாட்டுல முதலமைச்சர் ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனியா அறிவிக்கிறதுதான் நாம நியூஸ்ல பாக்குறது. பெரியபாண்டியன், வில்சன், பூமிநாதன் குடும்பங்களுக்கு 1 கோடி, சுப்பிரமணியன், பாலு குடும்பங்களுக்கு 50 லட்சம். ஏன் இந்த வித்தியாசம்னு குடும்பங்கள் கேக்குறது நியாயமான கேள்விதான், எனக்கும் இதுக்கு ஒரு நிலையான அளவு இருக்கணும்னுதான் தோணுது. சி.ஆர்.பி.எஃப். மாதிரி மத்திய படைகளுக்கு கருணைத்தொகை விதியா இருக்கு, டியூட்டி விபத்துன்னா 25 லட்சம், எல்லை மோதல் இல்ல தீவிரவாதிகளோட சண்டைன்னா 35 லட்சம்.

இது போக குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, இன்சூரன்ஸ், கருணை அடிப்படையில ஒருத்தருக்கு வேலை. அந்த வேலைக்கு இறந்த தேதில இருந்து மூணு வருஷத்துக்குள்ள விண்ணப்பம் கொடுத்தாகணும். துக்கத்துல இருக்கிற வீட்டுல இது யாருக்கும் ஞாபகம் இருக்காது, தாசில்தார் ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ் வாங்கவே மாசக்கணக்குல ஆகும். கூட இருக்கிறவங்க யாராவது ஒருத்தர் ஒரு ஃபைல் போட்டு, இறப்பு சான்றிதழ், எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், வாரிசு சான்றிதழ், பேங்க் பாஸ்புக்னு எல்லாத்தையும் மூணு செட் ஜெராக்ஸ் எடுத்து வெச்சுட்டா அதைவிட பெரிய உதவி இல்ல.

நாங்க பிரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து பணம் அனுப்பலாமா? வாட்ஸ்அப்ல ஜிபே நம்பர் வந்துச்சு

வாட்ஸ்அப்ல வர்ற நம்பருக்கு அனுப்பவே அனுப்பாதீங்க. இறந்தவர் போட்டோவை போட்டு வேற யாரோ வசூல் பண்ற கதை நிறைய நடக்குது. மத்திய படைகள்ல இறந்தவங்க குடும்பத்துக்குன்னா உள்துறை அமைச்சகம் 2017ல ஆரம்பிச்ச பாரத் கே வீர்னு தளம் இருக்கு, அங்க ஒரு குடும்பத்து பேருக்கே நேரடியா போடலாம், 15 லட்சம் வரைக்கும்தான் ஒரு குடும்பத்துக்குன்னு வரம்பும் வெச்சிருக்காங்க. மாநில போலீஸ்காரர்னா அவர் வேலை பாத்த ஸ்டேஷன்ல இல்ல எஸ்.பி. ஆபீஸ்ல நேர்ல கேட்டு, குடும்பத்தோட சம்மதத்தோட அவங்க அக்கவுண்டுக்கே போடுங்க. கூட படிச்ச பேட்ச்காரங்க சேர்ந்து வசூல் பண்ணிக் கொடுக்குறது நம்ம போலீஸ்ல வழக்கம், அவங்க மூலமா போனா இன்னும் நல்லது.

துக்கம் விசாரிக்கப் போனா என்ன பேசுறதுன்னே தெரியல. "பெருமையா இருங்க"ன்னு சொல்லலாமா?

முதல் நாள்ல சொல்லாதீங்க. பெருமைங்கிறது அவங்களுக்கா வரும்போது வரட்டும். "எப்படி நடந்துச்சு, யாரு பண்ணது"ன்னு கேட்டு அந்த அம்மாவை திரும்பத் திரும்ப சொல்ல வைக்காதீங்க, ஏற்கனவே விசாரணைக்கு வந்தவங்ககிட்டயும் மைக் நீட்டினவங்ககிட்டயும் சொல்லி சொல்லி ஓய்ஞ்சிருப்பாங்க. அவர் மனுஷனா எப்படி இருந்தாருன்னு உங்களுக்கு தெரிஞ்ச ஒரு விஷயத்தை சொல்லுங்க. எங்க லைன்ல இப்படி ஒரு இறப்பு நடந்தப்போ மந்திரி, ஆபீசர்னு வந்தவங்க ஆயிரம் சொல்லிட்டுப் போனாங்க, ஆனா அந்த அக்கா வருஷக்கணக்கா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தது, டீக்கடைக்காரர் வந்து "சார் நைட் டியூட்டி முடிச்சு வரும்போது பாப்பாவுக்கு பன்னு வாங்காம போக மாட்டாரும்மா"ன்னு சொன்னதைத்தான்.

முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். மூணு மாசம் கழிச்சுதான் யாரும் இருக்க மாட்டாங்க. குவார்ட்டர்ஸை காலி பண்ற பிரச்சனை, ஸ்கூல் மாத்துறது, கோர்ட்டுல கேஸ் நம்பருக்கு அலையிறது எல்லாம் அப்போதான் வரும். தீபாவளி பொங்கலுக்கு ஒரு போன், கோர்ட் வாய்தாவுக்கு கூடப் போறது, இதெல்லாம் பண்ண முடிஞ்சா பண்ணுங்க.

போலீஸ்காரரை வெட்டுற சிசிடிவி வீடியோவை ஷேர் பண்ணாதானே ஜனங்களுக்கு புரியும்?

வேண்டவே வேண்டாம். அந்த வீடியோ சுத்திச் சுத்தி அவர் பிள்ளைங்க போனுக்கே வரும், ஸ்கூல்ல கூட படிக்கிற பசங்க காட்டுவாங்க. கேஸுக்கு அது சாட்சி, இருக்க வேண்டிய இடம் கோர்ட். ஷேர் பண்ணனும்னா யூனிஃபார்ம்ல இருக்கிற நல்ல போட்டோ, சரியான பேரு, சரியான ஸ்டேஷன், தேதி, அவ்வளவு போதும். பேரையும் பதவியையும் ஒரு தடவை சரிபாருங்க, இன்ஸ்பெக்டரை எஸ்.ஐ.னு போடுறது, வேற யாரோ போட்டோவை போடுறது எல்லாம் ரொம்ப சகஜமா நடக்குது. சாதிச் சங்கம் பேரோட அடிக்கிற அஞ்சலி போஸ்டரையும் நான் ஃபார்வர்ட் பண்றதில்ல. அவர் நின்னது எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

உடல் மேல தேசியக்கொடி நாங்களே போர்த்தலாமா?

நீங்களா போர்த்தக்கூடாதுங்க, சட்டப்படியே தப்பாகிடும். அரசு மரியாதை, ராணுவம், துணை ராணுவப் படைகளோட இறுதிச் சடங்குக்குத்தான் அந்த அனுமதி, மத்தபடி கொடியை எது மேலயும் போர்த்த 1971ம் வருஷ தேசிய கௌரவ சட்டம் விடாது. அரசு மரியாதைன்னு உத்தரவு வந்தா டிபார்ட்மென்ட்காரங்களே கொண்டு வந்து முறையா பண்ணுவாங்க. காவி நிறம் தலைப்பக்கம் வரணும், குழிக்குள்ள இறக்குறதுக்கோ தீ வைக்கிறதுக்கோ முன்னாடி கொடியை எடுத்துடணும்.

டெல்லியில மெமோரியல் இருக்காமே, அங்க நம்ம ஆளுங்க பேரு இருக்குமா?

இருக்கும். சாணக்யபுரியில தேசிய காவலர் நினைவிடம், 2018 அக்டோபர் 21ல திறந்தாங்க. நடுவுல 30 அடி உயர ஒத்தக் கல், எடை 238 டன். சுத்தி இருக்கிற சுவர்ல சுதந்திரத்துக்கு அப்புறம் இறந்தவங்க பேரெல்லாம் செதுக்கியிருக்காங்க, திறக்கும்போதே 34,844 பேரு. பொதுமக்கள் போகலாம், மியூசியமும் இருக்கு. டெல்லிக்கு டூர் போறவங்க இந்தியா கேட் பாத்துட்டு வந்துடுறாங்க, இங்கயும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, உங்க மாவட்டத்துக்காரர் பேரை தேடிப் பாருங்க.

ஸ்கூல் பிள்ளைங்களுக்கு பயமுறுத்தாம எப்படி சொல்றது?

ஒரே ஒரு ஆளோட கதையை சொல்லுங்க, ரத்தத்தை விட்டுட்டு அவர் என்ன பண்ணாருங்கிறதை சொல்லுங்க. நான் டீச்சர் பிரெண்டுக்கு சொல்றது துக்காராம் ஓம்ப்ளே கதை. 2008 நவம்பர் 26 மும்பை தாக்குதல்ல கிர்காவ் சௌபாட்டி பக்கம் கார்ல வந்த கசாப்போட துப்பாக்கிக் குழலை ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டவரு, உடம்புல குண்டு பாஞ்சும் விடல, அதனாலதான் கசாப் உயிரோட பிடிபட்டான். அவர் ஒரு உதவி எஸ்.ஐ., அசோக சக்ரா கொடுத்தாங்க. 2021ல கண்டுபிடிச்ச ஒரு குதிக்கும் சிலந்தி வகைக்கு விஞ்ஞானிங்க அவர் பேரை வெச்சிருக்காங்க, ஐசியஸ் துக்காராமி. பிள்ளைங்க அந்த சிலந்தியை வரையுதுங்க, கூடவே அவர் பேரும் மனசுல நின்னுடுது.

அவர் படிச்ச ஸ்கூலாவே இருந்தா இன்னும் நல்லது. ஒரு போட்டோ, எந்த வருஷம் இங்க படிச்சாருன்னு ரெண்டு வரி, மாட்டி வெச்சா போதும்.

சாத்தான்குளம் மாதிரி பண்ற டிபார்ட்மென்டுக்கு எதுக்குங்க அஞ்சலி? எனக்கு மனசு வரல

உங்க கோவம் நியாயம். 2020 ஜூன்ல ஜெயராஜ், பென்னிக்ஸ்னு அப்பாவையும் மகனையும் ஸ்டேஷன்ல அடிச்சே கொன்னாங்கன்னு சி.பி.ஐ. வழக்கு போட்டுச்சு. போலீஸ் லைன்ல வளர்ந்தவளா எனக்கு அதுல இருக்கிற வலி வேற மாதிரி. ஆனா ஒண்ணு யோசிங்க, அந்த ஸ்டேஷன்லயே வேலை பாத்த தலைமைக் காவலர் ரேவதி நடந்ததை மாஜிஸ்திரேட் முன்னாடி சொன்னாங்க. மேல சொன்ன சுப்பிரமணியன் அதே தூத்துக்குடி மாவட்டத்துல, ரெண்டே மாசம் கழிச்சு, வெடிகுண்டுல இறந்தாரு. எல்லாரும் போட்டிருந்தது ஒரே காக்கி.

அஞ்சலி டிபார்ட்மென்டுக்கு கொடுக்குற சர்டிபிகேட் கிடையாது, இறந்த அந்த ஒருத்தருக்கு. பூமிநாதனுக்கு தலை குனியிறதால ஜெயராஜ் குடும்பத்துக்கு நியாயம் கேக்குற உரிமை உங்களுக்கு போயிடாது. சொல்லப்போனா ரெண்டையும் செய்யிறவங்க பேச்சுக்குத்தான் என் மனசுல மதிப்பு ஜாஸ்தி. இறந்தவங்க பேரைச் சொல்லி லாக்கப் அடியை நியாயப்படுத்துறவங்களை பாத்தா எனக்கும் பத்திக்கிட்டு வரும்.

எங்க தாத்தா ரொம்ப வருஷம் முன்னாடி டியூட்டில இறந்தாரு. எந்த நினைவுத்தூண்லயும் பேரு இல்ல. இப்போ ஏதாவது பண்ண முடியுமா?

முயற்சி பண்ணலாம். முதல்ல வீட்டுல இருக்கிறதை தேடுங்க. பென்ஷன் புத்தகம், அப்போ வந்த பேப்பர் துண்டு, எந்த ஸ்டேஷன்ல இல்ல எந்த பட்டாலியன்ல இருந்தாரு, அவர் நம்பர் என்ன, இறந்த தேதி என்ன. பாட்டி இருந்தா உக்கார வெச்சு கேட்டு அவங்க குரல்லயே போன்ல பதிவு பண்ணிக்குங்க. அப்புறம் அந்த மாவட்ட எஸ்.பி.க்கு, இல்ல சிட்டின்னா கமிஷனருக்கு ஒரு மனு எழுதி ஜெராக்ஸ் எல்லாம் வெச்சுக் கொடுங்க, டி.ஜி.பி. ஆபீஸுக்கும் ஒரு நகல் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, அக்னாலட்ஜ்மென்டை பத்திரமா வெச்சுக்குங்க. பதில் வரலேன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்துல, என் மனு மேல என்ன நடவடிக்கைன்னு கேளுங்க. பழைய ரெக்கார்டு அழிஞ்சிருந்தா கூட வேலை பாத்த ரிட்டயர்ட் ஆளுங்க யாராவது எழுதிக் கொடுக்குறது உதவியா இருக்கும், ஓய்வுபெற்ற காவலர் சங்கத்துல கேட்டா அந்தக் காலத்து ஆளை கண்டுபிடிச்சிடுவாங்க.

எந்த வகையில வரும், பட்டியல்ல சேருமாங்கிறதுக்கு மேல ஹார்ட் அட்டாக் கேள்வில சொன்னதுதான். ஆகஸ்ட் 31க்கு அப்புறம் பட்டியல் வேலை சூடு பிடிக்கும், அதனால மனுவை வருஷ ஆரம்பத்துலயே கொடுத்துடுங்க.